வாடலுக்கு மருந்து கேட்காதீர்கள், கன்று எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள், பாதியில் வேண்டாம்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "நாட்டு வாழைக்கு எந்த நோயும் வராது. ஆராய்ச்சிக்காரன் ரகத்தைக் கொண்டுவந்தான், பின்னாலேயே நோய் வந்தது, அதன் பின்னாலேயே மருந்துக் கம்பெனி வந்தது" என்று ஒருவர் குரல் தழுதழுக்கப் பேசுகிறார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். கூப்பிய கைகளில் பாதி, வாழைக்கு ஒரு தடவைகூட மண் அணைத்துப் பார்க்காத கைகள்.

அதே வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் போன் செய்தான். ஜீயபுரம் பக்கம் படுகையில் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ரஸ்தாளி போட்டவன். "சார், கீழ் இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்குது. கடையில ஒரு மருந்து குடுத்தாங்க, வேர்ல ஊத்தினேன். நிக்கல. இப்ப வேற பாட்டில் எடுத்துக் குடுக்கிறாங்க, விலை கூட. வாங்கலாமா சார்?"

ஒருவர் நோயே வராது என்கிறார். இன்னொருவர் எந்த நோய்க்கும் என்னிடம் பாட்டில் இருக்கிறது என்கிறார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இவன் கடனோடு நிற்கிறான். இரண்டு பேரையும் கேள்வி கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மூன்றாவதாகக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் வருகிறேன்.

நான் அவனிடம் சொன்னது இதுதான்: வாங்காதே. வாடிய மரம் ஒன்றைத் தோண்டி, கிழங்கைக் குறுக்கே வெட்டிப் படம் அனுப்பு. அனுப்பினான். வெள்ளையாக இருக்க வேண்டிய கிழங்கில் செம்பழுப்பாகப் புள்ளிகளும் கோடுகளும். தண்டின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு. இலைகள் காம்பில் ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோலத் தொங்குகின்றன. வாழை விவசாயிகள் வாடல் நோய் என்பார்கள், புத்தகத்தில் பனாமா வாடல் என்று இருக்கும். தாயனூரில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு அந்தக் கிழங்கையே எடுத்துக்கொண்டு போ என்றேன். 1993-இல் தொடங்கிய மையம். வாழைக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஆராய்ச்சி நிலையம் நம் திருச்சியில் இருக்கிறது, நம் ஆட்கள் ஆலோசனைக்கு யூடியூபுக்குப் போகிறார்கள்!

"நீங்க என்ன விவசாய விஞ்ஞானியா?" என்று என் மைத்துனர் கேட்டார். இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவன். ஆனால் இந்த விஷயத்தில் ஏமாறாமல் இருக்க எட்டாம் வகுப்பு அறிவியல் போதும்.

வாடலை உண்டாக்குவது பியூசேரியம் என்ற பூஞ்சணம். மண்ணிலிருந்து வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் மேலே ஏறும் குழாய்களுக்குள் வளர்கிறது. குழாய் அடைபடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மரம் தாகத்தில் சாகிறது. முதலில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகும். நாம் பார்ப்பது அப்போதுதான். அதற்கு வெகு நாள் முன்பே அது கிழங்குக்குள் குடிவந்திருக்கும். இப்போது வேரில் மருந்தை ஊற்றினால் என்ன ஆகும்? உறிஞ்ச வேண்டிய வேர் செத்துவிட்டது. ஏற்றிச் செல்ல வேண்டிய குழாய் அடைத்துக்கொண்டது. மருந்து மண்ணோடு போகிறது. மண்ணிலோ அந்தப் பூஞ்சணம் தடித்த ஓடு போட்ட வித்துகளாக உறங்கிக் கிடக்கிறது. வாழையே இல்லாவிட்டாலும் 20 ஆண்டுகளுக்கு மேல்கூட அப்படிக் கிடக்கும். பாட்டில்காரர் இதைச் சொல்லமாட்டார். முதல் பாட்டில் வேலை செய்யவில்லை என்றால் அவருக்கு நஷ்டம் இல்லையே, இரண்டாவது பாட்டில் விற்கும்.

இதனால் பூஞ்சாணக்கொல்லியே விஷம், தொடாதே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குரல் பதிவுக்காரர் அந்தப் பக்கம் போய் விழுகிறார். மழைக்காலத்தில் வாழை இலையில் மஞ்சள் கோடாகத் தொடங்கி, பழுப்பாகி, நடுவில் சாம்பல் நிறத்தோடு காய்ந்துபோகும் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். அது சிகடோகா இலைப்புள்ளி நோய். பிஜித் தீவில் ஒரு பள்ளத்தாக்கின் பெயர். அதுவும் பூஞ்சணம்தான், ஆனால் இலையில் உட்கார்ந்து, ஈரத்திலும் காற்றிலும் பரவுவது. ஐப்பசி கார்த்திகையில் இலை எல்லாம் கருகினால் தார் பெருக்காது, காய் முற்றுவதற்குள் பழுத்துவிடும். அங்கே மருந்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. நோய் கண்ட இலைப் பகுதியை அறுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, தண்ணீர் தேங்காமல் வடித்துவிட்டு, ஆரம்பத்திலேயே புரோபிகோனசோல் லிட்டருக்கு 1 மில்லி ஒட்டும் திரவத்தோடு தெளித்தால் இலை நிற்கும். இலை நின்றால் தார் நிற்கும். இலைப்புள்ளிக்குக் கேட்கும் மருந்தை வாடலுக்கு விற்கிறார்கள், வாடலில் தோற்றதைக் காட்டி மருந்தே பொய் என்று இவர்கள் பேசுகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று ஆள் பிடித்துக் கொடுக்கிறது.

மருந்து வேலை செய்யும் நோயிலும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சணம் பழகிவிடும். இதற்கு உருளைக்கிழங்கைவிட நல்ல பாடம் கிடையாது. காந்தி மார்க்கெட்டில் ஊட்டிக் கிழங்கு என்று தேடி வாங்குகிறோமே, அந்தப் பயிரைக் கருக்குவது பிந்திய பருவ இலைக்கருகல் நோய். குளிரும் மூடுபனியும் சேர்ந்தால் சில நாட்களில் பச்சை வயல் கறுத்துப்போகும். அதற்கு மெட்டலாக்சில் என்று ஒரு அருமையான மருந்து வந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே, 1980-இல், அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அந்த மருந்துக்கு அசையாத நோய்க்கிருமி தலையெடுத்துவிட்டது. அதனால்தான் மருந்தை மாற்றி மாற்றி அடி, கலவையாக அடி என்று சொல்கிறார்கள். எதிர்ப்பு ரகமும் அப்படித்தான். 1968-இல் வெளிவந்த குஃப்ரி ஜோதி என்ற உருளை ரகம் அந்தக் கருகலைத் தாங்கும் என்றுதான் மலைத்தோட்டங்களுக்கு வந்தது. காலப்போக்கில் கிருமி புதுப்புது உருவெடுத்து அந்தத் தாங்கும் சக்தியைத் தாண்டிவிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் அடுத்த ரகம், அதற்கடுத்த ரகம் என்று ஓடிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். அவர்கள் வேண்டுமென்றே ரகத்தை மாற்றி மாற்றி நம்மை ஏமாற்றுகிறார்கள் என்பது அந்தக் குரல் பதிவில் வரும் இன்னொரு கண்டுபிடிப்பு.

இனி "நாட்டு ரகத்துக்கு நோய் வராது" என்பதற்கு வருகிறேன். ரஸ்தாளியைவிட நாட்டு ரகம் எது ஐயா? நம் பாட்டிமார் வெற்றிலைத் தட்டில் வைத்தது. எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. நம் மாவட்டத்தில் வாடலுக்கு முதலில் விழுவது அதுதான். கற்பூரவள்ளி, நெய்ப்பூவன், மொந்தன், எல்லாம் நாட்டு ரகம், எல்லாம் வாடல் வரும் ரகம். அதே வாடலைப் பூவன் தாங்குகிறது. அதுவும் நாட்டு ரகம்தான். உச்சிப்பிள்ளையார் கோயில் மலையில் தாயுமானவருக்குச் சுகப்பிரசவம் ஆனவர்கள் தார் தாராகக் கொண்டுபோய் வைப்பார்களே, அந்தத் தாரில் எந்த ரகம் என்று நோய் பார்க்கும், பழமையா புதுமையா என்று பார்க்காது.

விருப்பாட்சியின் கதையைக் கேளுங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன மலைவாழை. 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. கீழ்ப்பழனி மலையில் காப்பிச் செடிக்கு நிழலாக, பெரிதாக மருந்து எதுவும் காணாமல் வளர்ந்த பயிர். குரல் பதிவுக்காரர் கேட்கும் அத்தனை தகுதியும் அதற்கு இருந்தது. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. அது வைரஸ், அசுவினிப் பூச்சி வழியாகவும் கன்று வழியாகவும் பரவும். எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் அதன் கிட்டே போக முடியாது. கடைசியில் அதை மீட்டது எது தெரியுமா? வைரஸ் இல்லை என்று சோதித்துப் பார்த்து, குருத்து நுனியிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று. திசு வளர்ப்பு என்றால் மரபணுவை மாற்றுவது என்று ஒரு வதந்தி இருக்கிறது. இல்லை. அதே விருப்பாட்சி, அதே ருசி. நோயில்லாத மூலையை வெட்டியெடுத்துக் கண்ணாடிக் குப்பியில் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் ஒரு ரகம் விழுந்தால் மொத்தமும் விழுகிறது? ஏழாம் வகுப்பில் நான் வாழைப்பழத்தை நறுக்கிக் காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? நடுவில் தெரியும் கறுப்புப் புள்ளிகள் வளராத விதைகள். உண்ணும் வாழைக்கு முளைக்கிற விதை கிடையாது. கிழங்கிலிருந்து கன்று, கன்றிலிருந்து கன்று. அப்படியானால் லால்குடி ரஸ்தாளியும் தொட்டியம் ரஸ்தாளியும் அண்ணன் தம்பிகூட இல்லை, ஒரே ஆள். ஒருவனைக் கொல்லத் தெரிந்த பூஞ்சணத்துக்கு எல்லோரையும் கொல்லத் தெரியும். உருளைக்கிழங்கும் கிழங்கை நட்டுப் பெருக்குவதுதான். அயர்லாந்தில் ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகத்தை நட்டுத் தின்றார்கள். 1845-இல் இலைக்கருகல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பட்டினியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேருக்கு மேல் கப்பலேறினார்கள். அப்போது அந்தக் கருகலுக்குப் பூஞ்சாணக்கொல்லி கிடையாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை மில்லார்டே என்ற பிரெஞ்சுக்காரர் திராட்சைக்காக அறிவித்தது 1885-இல்தான். மருந்தே இல்லாத இயற்கை வேளாண்மையின் பொற்காலம் என்று நீங்கள் நினைக்கும் காலத்தில்தான் அத்தனை பேர் செத்தார்கள்.

வாழைக்கும் உலக அளவில் அது நடந்தது. குரோ மிஷெல் என்ற ஒரே ரகத்தை மத்திய அமெரிக்கா முழுக்க நட்டு ஏற்றுமதி செய்தார்கள். பனாமா வாடல் அதை வழித்தெடுத்தது. 1960-களுக்குள் அந்த இடத்துக்கு வாடலைத் தாங்கும் கேவண்டிஷ் வந்தது. நம் ஊரில் பச்சை வாழை, மோரிஸ், ஜி9 என்று விற்பதெல்லாம் அந்தக் குடும்பம். இப்போது அந்தக் கேவண்டிஷையே கொல்லும் புது வகை வாடல் வந்துவிட்டது. 2019-இல் கொலம்பியாவில் உறுதியானது. பீகாரில் கடிஹார், பூர்ணியா பக்கம் நம் நாட்டுக்குள்ளும் வந்தாயிற்று. எனவே "எதிர்ப்பு ரகம்" என்று யாராவது விற்றால் எந்த நோய்க்கு, எந்த வகைக்கு என்று கேளுங்கள். பூவன்கூட வாடலைத் தாங்கும், வைரஸ் நோய்களுக்கு விழும்.

பீகாரிலிருந்து அது திருச்சிக்கு எப்படி வரும்? காற்றில் வராது. கன்றில் வரும். கன்றோடு ஒட்டிய மண்ணில், கடப்பாரையில், செருப்பில், டிராக்டர் சக்கரத்தில் வரும். நோய் வயலிலிருந்து வடிந்த தண்ணீர் அடுத்த வயலுக்குள் போனால் வரும். உருளையில் விதைக்கிழங்கு எப்படியோ, வாழையில் கன்று அப்படி.

இங்கேதான் நம் வீட்டுக்குள் வருகிறேன்.

ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் கொல்லை வைத்திருக்கும் நம் சொந்தங்களுக்குக் கன்று கொடுப்பது ஒரு பெருமை. "எங்க வீட்டு ரஸ்தாளி, அப்படி இனிக்கும், ரெண்டு கன்னு எடுத்துட்டுப் போங்கோ, கையில வாங்கினா வளரும்." தாய் மரத்தில் இரண்டு இலை மஞ்சளாகத் தொங்குவதைக் கேட்டால் "அது வெயில்" என்பார்கள். வெயில் இல்லை. ஒரு மரம் வாடியிருக்கும் கொல்லையிலிருந்து கொடுக்கும் கன்று பார்க்கப் பச்சையாக இருக்கும், கிழங்குக்குள் நோய் இருக்கும். அன்பாகத்தான் கொடுக்கிறீர்கள். வாங்கிப்போகிறவர் வீட்டுக் கொல்லை மண் அடுத்த 20 வருஷத்துக்கு ரஸ்தாளிக்கு ஆகாது. தயவுசெய்து கொடுக்காதீர்கள். எனக்கும் கொடுக்காதீர்கள்.

கொல்லையாவது இரண்டு மரம். நிலம் வைத்திருக்கிறவர்கள்? சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு கொள்ளிடக் கரையிலும் காவிரிப் படுகையிலும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மாணவனிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்வி, "அந்த நிலத்தில் இதற்கு முன் என்ன இருந்தது?" "தெரியாது சார். பக்கத்து வயல்காரர் இப்பதான் சொல்றார், போன தடவை எடுத்தவருக்கும் இதே கதைதானாம்." அவனுக்குத் தெரியாது. நிலத்துக்காரருக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டார். முந்தைய குத்தகைக்காரர் நஷ்டத்தோடு போனார், அவர் போனதோடு நிலத்தின் சரித்திரமும் போயிற்று. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 கன்று. கன்றுக்குக் குழி, உரம், ஆள்கூலி, முட்டுக் கம்பு. குத்தகைப் பணம் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. சுத்தமான கன்றுக்குக் கையில் ரொக்கம் வேண்டும், பாட்டிலோ கடனுக்குக் கிடைக்கும். ஆகவே ஏழை பாட்டில் வாங்குகிறான். அவனுக்கு அறிவில்லை என்று குழுவில் எழுதுகிறார்கள். அவனுக்கு இல்லாமல் போனது ஒரே ஒரு தகவல், அது நம்மைப் போன்றவர்கள் மென்று முழுங்கியது.

பூவன் போட்டால் தாங்கும் என்கிறேன், ஆனால் மண்டியில் ரஸ்தாளிக்கு உள்ள விலை பூவனுக்குக் கிடைக்காது. இது உண்மையான கஷ்டம், அதை ஒரு வரியில் தள்ளிவிட மாட்டேன். அதனால்தான் வாடல் கண்ட நிலத்துக்கு ரஸ்தாளிக் குத்தகை வாங்கக்கூடாது என்கிறேன். குறைந்த குத்தகைக்கு விடுங்கள். நம் பக்கம் தண்ணீர் நிற்கும் நிலம், ஒன்றிரண்டு போகம் நெல் போடட்டும். சேற்றில் மூழ்கிக் கிடந்தால் பூஞ்சணத்தின் பலம் குறையும், முழுதாகப் போகாது. பிறகு பூவன். ரஸ்தாளிதான் வேண்டும் என்றால் வாடலே காணாத நிலத்தில், திசு வளர்ப்புக் கன்றோ நோயில்லாத தோட்டத்துக் கன்றோ பார்த்து, கிழங்கின் வேரைச் சீவி, லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டசிம் கலந்த தண்ணீரில் முக்கி நடட்டும். மருந்துக்கு வாடலில் இடம் அங்கே, நடுவதற்கு முன். வளரும் கிழங்கில் ஊசியாகப் போடும் முறையும் இருக்கிறது, அதுவும் அறிகுறி தெரியும் முன் செய்வது. நோய் வந்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே எரித்து, குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு. அந்தக் கடப்பாரையைக் கழுவாமல் அடுத்த வயலுக்கு எடுத்துப்போக வேண்டாம். தெளிக்கிறவருக்குக் கையுறையும் முகத்துணியும் வாங்கிக் கொடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் குரல் பதிவுக்காரர் சொல்வது நியாயம், வெறும் கையால் கலக்கி வெறும் முதுகில் டேங்க் சுமப்பவர்களை நானே வாய்க்கால் கரையில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நம் தாத்தா விட்டுப்போன பங்கு நிலம். மூன்று வருஷத்துக்கு முன் அதில் கற்பூரவள்ளி வாடியது, எடுத்தவர் பாதியில் விட்டுப்போனார். பங்காளிகள் எல்லோருக்கும் தெரியும். இப்போது தை மாதம் புதுக் குத்தகை. ரஸ்தாளி போடுகிறவருக்கு விட்டால் தொகை கூட வரும், "அந்தப் பழைய கதையை எதுக்கு இப்ப எடுக்கறேள்" என்று இரண்டு பேர் என்னிடம் பேசிவிட்டார்கள். "இந்த நிலத்தில் வாடல் நோய் கண்டிருக்கிறது" என்ற வரியைக் குத்தகைச் சீட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி இல்லாத சீட்டில் என் கையெழுத்து விழாது. சமாதானம் பேச யாரும் போன் செய்ய வேண்டாம். நிலத்தைப் பார்க்க வந்தவரிடம் நேற்றே நேரில் சொல்லிவிட்டேன். அவர் குறைத்துக் கேட்கிறார், நெல் போடுகிறாராம்.